தனியார் மருத்துவமனையில் சங்கம் தொடங்குவது, ஊர் மக்களின் ஆதரவைத் திரட்டுவது: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வார்டு_டூட்டி:

தோழர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் 220 படுக்கைத் தனியார் மருத்துவமனை பற்றிய கேள்வி. அறக்கட்டளை பெயரில் நடக்கிறது. மொத்தம் 330 பேர். நர்ஸ்கள் 120, லேப், எக்ஸ்ரே, பார்மசி, பில்லிங் எல்லாம் சேர்த்து 90. மீதி 120 பேர் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள். இந்த 120 பேரும் ஏஜென்சி ஆட்கள்.

இரவு டூட்டியில் 22 படுக்கை வார்டுக்கு ஒரே ஒரு சிஸ்டர். சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்கள் கேட்டாலும் திரும்பி வருவதில்லை. ஏஜென்சியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், ஆனால் பல மாதங்கள் கணக்கில் ஏறவே இல்லை. குப்பை அள்ளும்போது ஊசி குத்தினால் என்ன செய்வது என்று எந்த ஏற்பாடும் கிடையாது.

சங்கம் வைக்கலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? ஏஜென்சி ஆட்களும் அதே சங்கத்தில் சேரலாமா? “டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் யூனியன் செல்லாது” என்று ஹெச்.ஆர். சொல்வது உண்மையா? ஊர் மக்களின் ஆதரவை எப்போது, எப்படிக் கேட்பது? வேலைநிறுத்தம் வரை போனால் நோயாளிகள் கதி என்ன? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பலருக்கும் உதவும்.

---

அடிக்கட்டை:

பதிவு, கோரிக்கை, போராட்டம் எல்லாம் அப்புறம். முதலில் ஆஸ்பத்திரியின் வரைபடம் ஒன்று போடுங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஒவ்வொரு பிரிவு: கேஷுவல்டி, ஐ.சி.யூ., தியேட்டர், லேபர் வார்டு (பிரசவப் பிரிவு), டயாலிசிஸ், ஒவ்வொரு மாடி வார்டு, லேப், பில்லிங், லாண்டரி, கிச்சன். மேலே மூன்று ஷிப்ட். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர், அவர்களில் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று எழுதுங்கள். சத்தமாகப் பேசுபவரைத் தேட வேண்டாம். லீவு மாற்றிக்கொள்ள, அவசரத்துக்குக் கைமாற்று வாங்க மற்றவர்கள் யாரிடம் போகிறார்களோ அவர்தான் உங்களுக்குத் தேவையான ஆள். 10 முதல் 15 பேருக்கு ஒருவர் வீதம் 330 பேருக்குக் குறைந்தது 25 பேர் கொண்ட அமைப்புக் குழு வேண்டும். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அங்கேதான் நிர்வாகம் முதலில் கை வைக்கும். இரவு ஷிப்டும் ஹவுஸ்கீப்பிங்கும் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். கவனம்.

கூட்டத்தை ஒரே நேரத்தில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் எப்போதும் டூட்டியில் இருப்பார்கள். ஒரே நாளில் இரண்டு முறை வையுங்கள். இரவு டூட்டி முடிந்து வெளியே வருபவர்களுக்குக் காலையில் ஒன்று, காலை டூட்டி முடிப்பவர்களுக்குப் பிற்பகலில் ஒன்று. இரண்டிலும் ஒரே விஷயம், ஒரே தீர்மானம். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் நர்ஸ்களை ஹாஸ்டலில் சந்திக்காதீர்கள். வார்டன் வழியாக அன்றைக்கே தகவல் போய்விடும்.

வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டுத்தான் பல இடங்களில் அடி வாங்குகிறார்கள். 100 பேர் இருக்கும் குழுவில் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், எல்லாருடைய எண்ணும் ஹெச்.ஆர். மேசைக்குப் போய்விடும். அமைப்புக் குழுவுக்கு மட்டும் சின்னக் குழு இருக்கட்டும். உறுப்பினர் சேர்ப்பு நேருக்கு நேர், காகிதத்தில் நடக்கட்டும். ஆஸ்பத்திரி வைஃபை, ஆஸ்பத்திரி மெயில், ஆஸ்பத்திரி பிரின்டர் மூன்றையும் தொடவே கூடாது. டூட்டி நேரத்தில் நோயாளி அருகில் நின்று சங்கம் பேசுவதும் கூடாது. மெமோ கொடுக்க அதுவே காரணமாகிவிடும்.

உறுப்பினர் படிவத்தில் ஆதார் அட்டையில் உள்ளபடி பெயர், வயது, முகவரி, பணி, பணியாளர் எண், சேர்ந்த தேதி, கையெழுத்து. சந்தா வாங்கினால் எண் போட்ட ரசீதுப் புத்தகத்தில் அடிக்கட்டையோடு. இதைச் சில்லறை வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு “இவர் எங்கள் உறுப்பினர்” என்று நிரூபிக்க உங்கள் கையில் இருக்கப்போவது அந்த அடிக்கட்டை மட்டும்தான்.

நேரடி ஊழியர்கள் 210 பேரில் 65 சதவீதம், அதாவது 137 பேர் கையெழுத்து போடும்வரை வெளியே பேச்சு வேண்டாம். வெளியே தெரிந்த முதல் வாரத்தில் பயத்தால் சிலர் விலகத்தான் செய்வார்கள். அந்த இழப்புக்குப் பிறகும் பாதிக்கு மேல் நிற்க வேண்டும்.

---

பதிவேடு:

சட்டப் பகுதியை நான் சொல்கிறேன். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இரண்டின் இடத்திலும் இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை. பழைய படிவத்தை இணையத்தில் எடுத்து நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். எந்தப் படிவம், எந்தக் கட்டணம் என்று உங்கள் மாவட்டத்துக்கான தொழிற்சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் குறைந்தது 7 பேர் கையெழுத்து போட வேண்டும். அதோடு, அந்த நிறுவனம் அல்லது தொழிலில் வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அந்த அளவுக்கு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி அளவில் 330க்கு 33 பேர். பதிவான பிறகும் இந்த எண்ணிக்கை குறையக் கூடாது.

பலர் சறுக்கும் இடம் அந்த 7. விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேற்படாதவர்கள் இடையில் விலகினால் விண்ணப்பம் கெடாது என்பது விதி. சரியாக 7 பேர் மட்டும் கையெழுத்து போட்டால், நிர்வாகம் 4 பேரைக் கூப்பிட்டு மிரட்டி விலகல் கடிதம் வாங்கினால் போதும், முழு உழைப்பும் வீண். 20 முதல் 25 பேர் விண்ணப்பதாரர்களாக இருங்கள். அவர்கள் வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: உறுதிமொழிப் பத்திரம், சங்க விதிகள், விதிகளை ஏற்றுக்கொண்ட பொதுக்குழுத் தீர்மானம், விண்ணப்பிக்க இன்னாருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானம், விண்ணப்பதாரர்களின் பெயர், பணி, முகவரி, நிர்வாகிகளின் பெயர், வயது, முகவரி, தொழில், சங்கத்தின் தலைமை அலுவலக முகவரி. மினிட்ஸ் புத்தகம் பக்க எண் அச்சிட்ட கட்டுப் புத்தகமாக இருக்கட்டும். விதிகளில் நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம், ஆண்டுத் தணிக்கை, நிர்வாகிகளைத் தேர்வதும் நீக்குவதும், விதித்திருத்தம், சங்கத்தைக் கலைக்கும் முறை எல்லாம் கட்டாயம் வர வேண்டும். ஒன்று விட்டாலும் கோப்பு திரும்பும். ஆதாரில் ஒரு இனிஷியல், படிவத்தில் வேறு இனிஷியல் என்றாலும் திரும்பும்.

பெயர் வைப்பதிலும் யோசியுங்கள். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9இல் தொடங்கிய 37 நாள் வேலைநிறுத்தத்தின் மையமே சங்கப் பதிவுதான். நிறுவனத்தின் பெயரைச் சங்கப் பெயரில் சேர்த்ததற்கு ஆட்சேபம் வந்து, விஷயம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி கடைசியில்தான் பதிவு கிடைத்தது. அந்தப் பெயரிலேயே கிடைத்தது என்பது பெரிய விஷயம். ஆனாலும் உங்களுக்கு அந்த வழக்கு தேவையில்லை. “மாவட்டத் தனியார் மருத்துவமனை ஊழியர் சங்கம்” என்பது போல வைத்தால் ஆட்சேபத்துக்கு இடமில்லை, பக்கத்து ஆஸ்பத்திரி ஊழியர்களும் சேரலாம். அப்போது உறுப்பினர் தகுதி மாவட்டத்தின் மொத்தத் தொழிலை வைத்துப் பார்க்கப்படும் என்பதால் 100 பேர் இலக்கு. நீங்கள் 137ஐத் தொட்டுவிட்டால் அது தடையே இல்லை.

நிர்வாகிகளில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதற்கு மேல் கூடாது. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., எச்.எம்.எஸ்., தொ.மு.ச. போன்ற பெரிய தொழிற்சங்க அமைப்புகள் எதில் இணைந்தாலும் சரி, தனியாக நின்றாலும் சரி, செயலாளரும் பொருளாளரும் ஆஸ்பத்திரிக்குள் வேலை செய்பவர்களாக இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று: மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர், தொழில் தகராறு என்று வரும்போது, இந்தச் சட்டத்தின்படி ‘தொழிலாளி’ அல்ல. வார்டு இன்சார்ஜ் சிஸ்டரைத் தலைவராகப் போடுமுன் அவர் உண்மையில் மற்றவர்களுக்கு லீவு அனுமதிக்கிறாரா, வேலை பிரித்துக் கொடுக்கிறாரா, அல்லது பெயருக்கு இன்சார்ஜாக இருந்துகொண்டு தானும் ஊசி போடுகிறாரா என்று பாருங்கள். பதவிப் பெயரை வைத்து இது முடிவாகாது, செய்யும் வேலையை வைத்துத்தான்.

பதிவு வேறு, பேச்சுவார்த்தை உரிமை வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், மஸ்டர் ரோலில் (ஊழியர் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீத ஆதரவு பெற்றதே பேசும் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. உங்கள் பதிவுச் சான்று வந்த மறுவாரம் நிர்வாகத்துக்கு வேண்டியவர்களின் சங்கம் ஒன்று முளைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 210க்கு 51 சதவீதம் 108 பேர். அடிக்கட்டை தோழர் 137 என்று சொன்னதன் அர்த்தம் அங்கே புரியும்.

---

தீர்ப்பாயம்_வாசல்:

டிரஸ்ட் கேள்விக்கு மட்டும். ஹெச்.ஆர். சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள்.

1978இல் பெங்களூர் நீர் வழங்கல் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, முதலாளி–தொழிலாளி ஒத்துழைப்பில் முறையாக நடக்கும் சேவையும் ‘தொழில்’தான் என்று சொல்லி மருத்துவமனைகளையும் அதற்குள் கொண்டுவந்தது. 2020 தொகுப்பு இதைச் சுருக்கி, முழுமையாகவோ பெருமளவோ தர்மம், சமூக சேவை, பரோபகாரம் செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை விலக்கியது. ஆக, பெயர்ப் பலகையில் ‘டிரஸ்ட்’ என்று இருப்பது பதில் ஆகாது. அங்கே உண்மையில் நடப்பது தர்மமா என்பதே கேள்வி. அறை வாடகைப் பட்டியல், அட்மிஷனுக்கு வாங்கும் முன்பணம், இன்சூரன்ஸ் நிறுவனங்களோடு ஒப்பந்தம், விளம்பரங்கள், கட்டணம் இல்லாமல் பார்க்கும் படுக்கை எத்தனை என்ற விவரம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். பொது மக்களுக்கு வெளிப்படையாகத் தெரியும் ஆவணங்கள் மட்டும் போதும். உள் கோப்புகளை எடுக்காதீர்கள், திருட்டுப் புகார் வரும். சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்பின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது, அதை எந்த அறக்கட்டளையும் பறிக்க முடியாது.

ஏஜென்சி ஆட்கள் தாராளமாகச் சேரலாம். ஆனால் கோரிக்கைப் பட்டியலைப் பிரித்து எழுதுங்கள். அவர்கள் பட்டியல் ஏஜென்சிக்கும், முதன்மை முதலாளி (வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர்) என்ற முறையில் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துப் போக வேண்டும். சம்பளத்தை ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளியே பொறுப்பு. 51 சதவீதக் கணக்கில் ஆஸ்பத்திரி மஸ்டர் ரோலில் இல்லாதவர்களைச் சேர்த்து எண்ணி ஏமாறாதீர்கள்.

---

வார்டு_டூட்டி:

மிக்க நன்றி தோழர்களே. ஊர் ஆதரவு பற்றி யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா? ஆஸ்பத்திரியில் பெரிய பில் கட்டியவர்களிடம் போய் எங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது.

---

தெருமுனை:

அந்தத் தயக்கம் நியாயமானது. துண்டறிக்கையின் முதல் வரியே “எங்களுக்குச் சம்பளம் போதவில்லை” என்று இருந்தால், கடன் வாங்கிப் பில் கட்டியவர் கசக்கித்தான் போடுவார். அவர் கட்டிய பில்லிலிருந்தே தொடங்குங்கள். பில்லில் ‘நர்சிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் நர்சிங் சார்ஜ் எவ்வளவு, அதை 22ஆல் பெருக்கினால் ஒரு வார்டில் ஒரு நாள் வசூல் எவ்வளவு, அந்த வார்டை இரவு முழுக்கப் பார்க்கும் ஒற்றை நர்ஸுக்கு அந்த இரவுக்கு என்ன கிடைக்கிறது. இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வேறு விளக்கமே வேண்டாம். பில்லை நோயாளியின் குடும்பம் விருப்பத்தோடு கொடுத்திருக்க வேண்டும், பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணும் கறுப்படித்திருக்க வேண்டும்.

அடுத்தது பராமரிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோலின்படி மருத்துவக் கல்லூரி அல்லாத மருத்துவமனையின் பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ். உங்கள் வார்டில் 22க்கு ஒருவர். “இரவு 2 மணிக்கு உங்கள் அம்மாவுக்கு டிரிப் முடிந்து மணி அடித்தால், அதே நேரத்தில் இன்னும் 21 பேரும் அந்த ஒரே ஆளைத்தான் நம்பியிருக்கிறார்கள்” என்று எழுதினால் ஊருக்குப் புரியும். குப்பை விஷயமும் அப்படியே. மருத்துவக் கழிவு விதிகள் 2016படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்க வேண்டும், சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்யப் போதிய ஆட்களும் பயிற்சியும் இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்கும் அது ஆபத்து.

யாரிடம் போவது? ஆஸ்பத்திரி வாசல் ஆட்டோ ஸ்டாண்டு முதலில். நோயாளிகளின் உறவினர்கள் மனம்விட்டுப் பேசுவது ஆட்டோ அண்ணன்களிடம்தான். பிறகு எதிர்ச்சாரி மெடிக்கல் கடை, டீக்கடை, வணிகர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், ஜமாத், பங்கு ஆலயம், கோயில் விழாக் கமிட்டி, வழக்கறிஞர் சங்கம், போக்குவரத்து, வங்கி, எல்.ஐ.சி. ஊழியர் சங்கங்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். அவரவர் ஊரில் அவரவர்தான் பேச வேண்டும், நகரத்திலிருந்து ஒரு தலைவர் போய்ப் பேசுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். இரண்டு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாகக் கொண்டுவரப் பாருங்கள். “எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த ஊழியர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கியை உடனே செலுத்த மாவட்ட நிர்வாகம் நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம்” என்று சுருக்கமாக. தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

“ஆதரவு தாருங்கள்” என்று மட்டும் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. ஒவ்வொருவரிடமும் அவரால் முடிந்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். வணிகர் சங்கத்திடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். வழக்கறிஞர்களிடம் யாரையாவது சஸ்பெண்ட் செய்தால் இலவசமாக முதல் நோட்டீஸ். குடியிருப்போர் சங்கத்திடம் கூட்டத்துக்கு ஒரு ஹால். மற்ற சங்கங்களிடம் அரிசி, நிதி. கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் நிர்வாகத்துக்கு ஒரு போன், அதோடு தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம். என்ன சொன்னார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று நோட்டில் குறித்து, அந்தத் தேதியில் மறுபடி போய் நில்லுங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் மனு எண் வாங்காமல் வராதீர்கள். ஆள் பற்றாக்குறை பற்றிய மனுவின் நகல் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் போகட்டும், தனியார் மருத்துவமனைகளின் பதிவு அவர் கையில்தான் இருக்கிறது.

ஊரில் எல்லாரும் மதிக்கும், கட்சி சாராத ஒருவர் தலைமையில் 9 முதல் 15 பேர் கொண்ட ஆதரவுக் குழு அமையுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ மருத்துவரோ கிடைத்தால் நல்லது. எல்லாக் கட்சியினரும் வரலாம், மேடையில் ஒரே கட்சிக் கொடி மட்டும் பறந்தால் மற்ற பாதி ஊர் விலகிவிடும்.

செய்யக் கூடாதவை: நோயாளியின் பெயர், படம், நோய் விவரம் எதுவும் வெளியே போகவே கூடாது. எந்த மருத்துவரையும் பெயர் சொல்லித் திட்டக் கூடாது. “இங்கே போனால் உயிர் போகும்” போன்ற வரிகள் அவதூறு வழக்கைத்தான் கொண்டுவரும், அதோடு நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி நன்றாக நடந்தால்தான் உங்களுக்கும் வேலை. வாசலில் மைக் கட்டாதீர்கள். ஒலி விதிகள் 2000படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படக்கூடிய இடம். கூட்டத்தைத் தள்ளி வைத்து, காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள்.

இதையெல்லாம் எப்போது தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பதிவுச் சான்று கைக்கு வந்த வாரம். அதற்கு முன்னால் போனால் உள்ளே இருப்பவர்கள் அம்பலப்படுவார்கள். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்த பிறகு போனால், நோயாளிகளைத் தவிக்க விடப்போகிறார்கள் என்று நிர்வாகம் சொல்லும் கதைதான் ஊரில் முதலில் பரவியிருக்கும்.

---

பதிவேடு:

தெருமுனை தோழர் சொன்னதோடு ஒரு வரலாற்றுப் பாடம். 1969இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தில், சங்கம் வைக்க முயன்ற 12 பேரை வேலையை விட்டு நீக்கியதற்காக மருத்துவமனை ஊழியர்கள் மார்ச் முதல் ஜூன் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். தேவாலயங்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் ஊர்வலத்தில் நடந்தார். நீக்கப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சங்க அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை. ஊர் ஆதரவு ஆட்களைக் காப்பாற்றும், நிர்வாகத்தைப் பேச்சுக்கு இழுக்கும். அங்கீகாரத்தை உள்ளே இருக்கும் எண்ணிக்கையும் சட்டமும்தான் தரும்.

பக்கத்தில் கேரளம். 2011இல் தொடங்கிய ஐக்கிய நர்ஸ்கள் சங்கத்தின் தொடர்ந்த போராட்டங்களுக்குப் பிறகு 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனை ஊழியர்களுக்கான குறைந்தபட்சச் சம்பள அறிவிப்பு வந்தது. அதற்கு ஆதாரமாக நின்றது, 2016 ஜனவரி 29இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழுவின் பரிந்துரை: 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசு நர்ஸின் சம்பளத்துக்கு இணை, 100க்கு மேல் என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50க்குக் கீழே குறைந்தது 20,000 ரூபாய். பரிந்துரைதான், தானாகச் சட்டம் ஆகாது. ஆனால் உங்களுடையது 220 படுக்கை, கோரிக்கைப் பட்டியலில் இதை மேற்கோளாகப் போடலாம்.

---

தீர்ப்பாயம்_வாசல்:

வேலைநிறுத்தம் பற்றி. “60 நாள் நோட்டீஸ்” என்று எல்லாரும் சொல்கிறார்கள், விதியை அப்படிப் படிப்பது சரியல்ல. நோட்டீஸ் கொடுத்த 14 நாட்களுக்குள் நிறுத்தக் கூடாது, கொடுத்த நோட்டீஸின் ஆயுள் 60 நாள். நோட்டீஸில் குறிப்பிட்ட தேதிக்கு முன்பும் கூடாது. உண்மையான முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நோட்டீஸ் போனதும் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி பேச்சைத் தொடங்குவார். பேச்சு நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையும் நிறுத்தம் சட்டவிரோதம். தொழில் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால் அங்கே நடக்கும் காலமும் அதன்பின் 60 நாளும். சட்டவிரோத நிறுத்தத்துக்குத் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 50 சதவீதம் பேர் ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் நிறுத்தமாகவே கணக்கு. பல இடங்களில் இது தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே கோரிக்கைப் பட்டியலை நிர்வாகத்துக்கு ஒப்புகையோடு அனுப்பி, 15 நாள் பார்த்துவிட்டு, சமரச அதிகாரியிடம் தகராறாக எழுப்புங்கள். சமரசம் நடக்கும் காலத்தில் தகராறோடு தொடர்புடைய பணி நிலைமைகளை ஊழியருக்குப் பாதகமாக மாற்றவோ, தகராறோடு தொடர்புடைய காரணத்துக்காக ஆளை நீக்கவோ அந்த அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். சங்கத் தலைவர்களைக் காப்பாற்ற இதைவிட நல்ல கவசம் கிடையாது. இந்தக் காலத்தில் கறுப்புப் பட்டை, வாயிற்கூட்டம், சாப்பாட்டு இடைவேளை ஆர்ப்பாட்டம், கையெழுத்து இயக்கம் எல்லாம் செய்யலாம்.

நிறுத்தம்தான் வழி என்று முடிவானால், ஐ.சி.யூ., கேஷுவல்டி, லேபர் வார்டு, டயாலிசிஸ், அவசர அறுவை ஆகியவற்றுக்கு ஷிப்ட் வாரியாகப் பெயர் போட்ட டூட்டி பட்டியலைச் சங்கமே தயாரித்து, நிர்வாகத்துக்கும் கலெக்டருக்கும் இணை இயக்குநருக்கும் முன்கூட்டியே கொடுத்து, ஊரிலும் ஒட்டுங்கள். டயாலிசிஸ் நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தே ஆக வேண்டியவர். அவர் ஒருவர் திரும்பிப் போனால் தெருமுனை தோழர் சொன்ன அத்தனை உழைப்பும் ஒரே நாளில் போய்விடும். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, நாம் எந்த வேலையைச் செய்பவர்கள் என்பதற்காகவும்தான்.

யாரையாவது நீக்கிவிட்டால் தனிநபர் தகராறாகச் சமரசத்துக்குப் போட்டு 45 நாள் ஆன பிறகு நேரே தீர்ப்பாயம் போகலாம். நீக்கிய தேதியிலிருந்து 2 ஆண்டுக்குள். ராஜினாமா கடிதத்தில் மட்டும் கையெழுத்து போட்டுவிடாதீர்கள்.

---

பாஸ்புக்:

பி.எஃப்., இ.எஸ்.ஐ. விஷயத்துக்குச் சங்கப் பதிவு வரை காத்திருக்கத் தேவையில்லை, இன்றைக்கே தொடங்கலாம். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் ஒவ்வொருவரும் தம் யு.ஏ.என். எண்ணில் (பி.எஃப். கணக்குக்கான எண்) பாஸ்புக்கை இறக்கி, சம்பளச் சீட்டோடு மாதம் மாதமாக ஒப்பிடட்டும். ஊழியர் பங்கு 12 சதவீதம், அதே அளவு முதலாளி பங்கு. ஒரு தாளில் ஐந்து பத்திகள்: பெயர், யு.ஏ.என்., மாதம், பிடித்த தொகை, ஏறிய தொகை. 40 பேருடைய தாள் சேர்ந்தால் அது வலுவான புகார். சம்பளச் சீட்டே கொடுப்பதில்லை என்றால் வங்கிக் கணக்குப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள், சீட்டு தராததையும் தனிப் புகாராக எழுதுங்கள். புகாரில் ஏஜென்சியின் பெயரோடு முதன்மை முதலாளி என்று ஆஸ்பத்திரியின் பெயரையும் சேருங்கள்.

இ.எஸ்.ஐ.யில் ஊழியரிடம் 0.75, முதலாளியிடம் 3.25 சதவீதம். 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால்தான் நோய்க்காலப் பணம். மகப்பேறு பணத்துக்குப் பார்க்கும் பங்களிப்புக் காலங்களில் 70 நாள் தேவை. ஏஜென்சி பல மாதம் கட்டாமல் விட்டால் ஒரு பெண்ணுக்கு 26 வாரப் பணம் கிடைப்பதே சிக்கலாகிவிடக்கூடும். கூட்டத்தில் இதை விளக்கிச் சொல்லுங்கள். தயங்கி நிற்பவர்கள் சங்கப் படிவத்தைக் கேட்டு வாங்குவார்கள்.

அசல் சான்றிதழுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தது, எத்தனை நாளுக்குள் வேண்டும். வாங்கியபோது கொடுத்த ஒப்புகைச் சீட்டு இருந்தால் நகலை இணையுங்கள். பதில் வராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லையென்றால் காவல் நிலையம். பத்து பேர் ஒரே நாளில் கடிதம் கொடுத்தால் யாரையும் தனியாக ஒதுக்கி மிரட்ட முடியாது.

ஊசிக் காயத்துக்கு இரண்டு கோரிக்கைகள் உடனே. ஒன்று, கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும். 2016 விதிகளில் இது ஆஸ்பத்திரியின் கடமை, ஏஜென்சி ஆள் என்று தட்டிக்கழிக்க முடியாது. ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. ஏஜென்சி மாறும்போது இரண்டாவதோடு நின்றுபோவது வழக்கம், அதனால் தடுப்பூசி அட்டை ஊழியர் கையில் இருக்க வேண்டும். இரண்டு, ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை, 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஆகவே இரவு 3 மணிக்கும் கேஷுவல்டியில் முதல் மாத்திரை கிடைக்க வேண்டும், சம்பவப் பதிவேட்டில் எழுதி நகல் தர வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே டூட்டி டாக்டரிடம் போக வேண்டும் என்று ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எல்லாருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.